கிளாஸுக்குள் மகள்

கிளாஸுக்குள் மலை தலைகீழாகத் தொங்கியது.

அவர் கிளாஸைத் தொடவில்லை. மேசையில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மாதுளைச் சாறு நிறத்தில் மெல்லிய சிவப்பு வைன். அதற்குள் உச்சிப் பனியும் திராட்சைத் தோட்டமும் சிவந்துபோய், இடம் மாறி நின்றன.

தலையைக் கொஞ்சம் சரித்தால் மலை நகர்ந்துவிடும். அந்த இடத்தில் அவள் வருவாள்.

மகள். ஒரு நகம் அளவு. அவளும் தலைகீழாக.

வந்ததிலிருந்து அவளை இப்படித்தான் பார்க்கிறார். நேராகப் பார்த்தால் தோற்றுப்போனதாக ஆகிவிடும். கிளாஸுக்குள் பார்ப்பது பார்வையில் சேராது.

சுவிட்சர்லாந்தின் இந்த மலைமூலையில் வெயில் பிந்தித்தான் வரும், முந்திப் போய்விடும். திராட்சைக்கு அவசரமில்லை. இன்று காலைதான் கடைசிக் குலையை வெட்டி முடித்தார்கள். அதற்குத்தான் தோட்டத்து நடுவில் இந்த விருந்து.

தோட்டம் சம்பந்தி ஊர்ஸுடையது.

சம்பந்தி என்ற சொல்லை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர்ஸின் மகன் ரெட்டோவை மகள் சாம்பவி பதிவுத் திருமணம் செய்த நாளில் அவர் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நிகழ்ச்சி என்று கேட்டால் தெரியாது. அதன்பிறகு அவர் வாயில் அவள் பெயர் வந்ததில்லை. இன்றைக்கும் மனைவி பூமணி சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்ததால்தான் வந்தார். வந்து பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

வைன் அவருக்குப் புதிதல்ல. ஓய்வு பெறும்வரை ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவியவர். அடியில் ஒட்டிய சிவப்பைச் சுடுதண்ணீர் விட்டுக் கழற்ற அவர் கைக்குத் தெரியும். நாக்குக்குத்தான் தெரியாது. அந்தக் கையால்தான் அவளைப் படிப்பித்தார். அதனால்தான் இவ்வளவு கோபம். ஊரார் பிள்ளை என்றால் வாழ்த்திவிட்டு வந்திருப்பார்.

இந்தப் போத்தல் பிள்ளைகள் கலியாணம் கட்டிய வருடத்தது என்று ஊர்ஸ் சொன்னார். அவருக்கு விளங்கட்டும் என்று ஜெர்மனைச் சொல்லுச் சொல்லாகப் பிரித்துச் சொன்னார். அந்த வருடம் வெயிலே இல்லையாம். பழம் பழுக்காது என்று கைவிட்டுவிட்டார்களாம். கடைசியில் மலை தாண்டிச் சூட்டுக்காற்று இறங்கி வந்து பழுக்க வைத்ததாம். நீங்கள் வருவீர்கள் என்று திறக்காமல் வைத்திருந்தேன் என்றார்.

அவர் தலையாட்டினார். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

காற்று வந்தது. இளஞ்சூடாக.

மேசை விரிப்பு மெல்ல எழுந்து அமர்ந்தது. கொடிகளில் மிஞ்சிய இலைகள் மஞ்சளாக மினுங்கின. எங்கோ ஒரு மாட்டு மணி. வைனிலிருந்து நாவற்பழ மணம். எல்லாரும் பேச்சை நிறுத்திக் காற்றுக்கு முகம் கொடுத்தார்கள். அவரும் கண்ணை மூடினார். எந்த நாட்டில் இருக்கிறோம் என்பது அவருக்கு மறந்துபோனது. யார்மீது என்ன கோபம் என்பதும்கூட.

நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம்.

கண்ணைத் திறந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

உணவகத்துச் சமையலறைக் கதவு இடுக்கால் எத்தனையோ தடவை பார்த்த சடங்கு இது. ஒருவர் விடாமல் எல்லாருடனும் கிளாஸைத் தட்ட வேண்டும். தட்டும்போது பெயர் சொல்ல வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும். கடைசி ஆள் தட்டி முடியும்வரை ஒருவரும் குடிக்கமாட்டார்கள்.

பார்க்காமல் தட்டினால் ஏழு வருடம் கெட்ட காலம் என்று ஊர்ஸ் சிரித்தார்.

ஏழரைச் சனியைக் கண்டு வந்தவருக்கு இது அரை வருடம் குறைவு. ஆனாலும் பயந்தார்.

ஊர்ஸின் கண் நீலம். ஊர்ஸின் மனைவிக்குச் சாம்பல். ரெட்டோ பெயர் சொல்லாமல் ‘மாமா’ என்றான். யாரோ நன்றாகப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். அவரும் ‘ரெட்டோ’ என்றார். அது அப்படியொன்றும் கடினமாக இல்லை. காலமெல்லாம் ‘இஞ்சாரும்’ என்றே கூப்பிட்டுவந்த மனைவியை முதன்முதலாகப் பூமணி என்றார். அவள் வெட்கப்பட்டுப் போனாள்.

பிறகு இந்தப் பக்கம் யாரும் மிச்சமில்லை.

மேசைக்குக் குறுக்கே ஒரு கை கிளாஸோடு நீண்டு வந்தது.

அவர் வைனைப் பார்த்தார். கிளாஸைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தார். அதற்கு மேல் கண் ஏறவில்லை.

ஒருவரும் குடிக்கவில்லை. ஒருவரும் அவசரப்படுத்தவும் இல்லை. கோபமாக இருக்கலாம், அது அவர் பாடு. இத்தனை பேரைத் தாகத்தோடு நிற்க வைத்துவிட்டுக் கோபமாக இருப்பது மரியாதையில்லை என்று அவருக்கே பட்டது.

“என்னைப் பாருங்கோ அப்பா.”

பார்த்தார்.

முழு அளவில் நின்றாள். கண்மை கரைந்திருந்தது. கன்னம் உப்பி, தோள் திரண்டு, இந்த மலையின் பாலும் வெண்ணெயும் ஒரு குறையும் வைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டது தெரிந்தது. அவர் இல்லாமலே அவள் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள். அது அவருக்கு வலித்தது. ஆறுதலாகவும் இருந்தது.

பெயர் தொண்டைவரை வந்தது. வாயில் வந்தது வேறு.

“மெலிஞ்சுபோனாய், பிள்ளை.”

மாமா என்ன சொன்னார் என்பதுபோல் ரெட்டோ பூமணியைப் பார்த்தான். பூமணி மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓமப்பா,” என்றாள் சாம்பவி. “சரியா மெலிஞ்சுபோனன்.”