போய்ச் சொல்லணும்

"இன்னிக்கு நான் போய்ச் சொல்லத்தான் போறேன். நீங்க குறுக்கே நிக்காதீங்க!"

ஸ்டோர்காரர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே மனைவியை நிமிர்ந்து பார்த்தார். ராணுவ முகாமின் ரேஷன் ஸ்டோரில் நாள் முழுக்க மூட்டைகளோடு மல்லுக்கட்டுகிற மனிதர். வீட்டில் மனைவியோடு மல்லுக்கட்டி ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை.

"எதுக்கு வீண் வம்பு? விட்டுடு."

"எப்படி விடறது? நாலு நாளா பக்கத்து டிரைவர் வீட்ல ரெண்டு பேர் கூடுதலா இருக்காங்க. குவார்ட்டர்ஸ்ல பொண்டாட்டி பிள்ளையத் தவிர யார் ராத்தங்கினாலும் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும்ல? டிரைவரைப் பெத்தவங்கன்னா மட்டும் சட்டம் கண்ணை மூடிக்குமா?"

"வயசானவங்கடி..."

"எங்கம்மா மட்டும் குமரியா?"

அவர் மறுபடி பூட்ஸ் கயிற்றில் குனிந்துகொண்டார்.

போன மழைக்காலத்தில் அவளுடைய அம்மா நெஞ்சுச் சளியோடு இங்கே வந்து படுத்திருந்தாள். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அனுமதி எங்கே என்று கேட்டு வந்தவர்கள், அன்று மாலையே பஸ் ஏற்றிவிடச் சொல்லிவிட்டார்கள். ஊர் போய்ச் சேர்ந்த அம்மா அதற்குப் பிறகு படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. போட்டுக் கொடுத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியாது. அந்த ஆத்திரம் அவள் வயிற்றில் அணையாமல் கிடந்தது.

"சொன்னாக் கேளு. இந்த ஒரு விஷயத்துலயாவது உன் ஓட்டை வாயை மூடிக்கிட்டு இரு."

சொல்லிவிட்டு, எடுத்து வைத்த சாப்பாட்டைத் தொடாமலே அவர் கிளம்பிப் போனார். பயந்தாங்கொள்ளி, என்று அவள் முணுமுணுத்தாள்.

குழாயடிக்குப் போனால் அங்கே டிரைவர் மனைவி வாளியோடு நின்றிருந்தாள். கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. டிரைவர் மலை முகாமுக்கு லாரி ஓட்டிப் போயிருந்தான்.

"அக்கா, மாமாவும் அத்தையும் வந்திருக்கிறதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவர் வந்ததும் அனுமதி வாங்கிடுவார்."

"அவருக்கு ஒரு போன் போட்டுக் கேக்க வேண்டியதுதானே?"

"என் போனை மாமா பார்க்கிறேன்னு வாங்கிக் கீழே போட்டுட்டார். ரிப்பேர்ல இருக்கு. அத்தைக்கு டிவி சத்தம் ஆகாதுன்னு அந்த ஒயரையும் பிடுங்கி வச்சுட்டார்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "ஆனா தங்கமானவங்கக்கா. கல்யாணத்தப்போ முகம் கொடுத்துக்கூடப் பேசல. இப்ப என்னை ஒரு வேலை செய்ய விடறதில்ல. ராத்திரி அத்தை என் தலையை மடியில வச்சுத் தடவிக்கிட்டே இருக்காங்க."

"அது சரி, கேட்ல காவல் இருக்கிறவங்க எப்படி உள்ள விட்டாங்க?"

"ஆபீஸ் ஜீப்பே கொண்டுவந்து விட்டுச்சுக்கா! அவர் சிநேகிதங்க ஏற்பாடாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன்னைப் பெற்றவள் இருமிக்கொண்டே பஸ்ஸில் போனாள். இவள் மாமியாருக்கு அரசாங்க ஜீப்பா!

வாளியை வீட்டில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். பக்கத்து வீட்டு வாசலில் பெரியவர் வழியை மறித்தாற்போல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வந்த நாளிலிருந்து அதே இடம்தான். யார் வந்தாலும், "மருமக தூங்குறா" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். இவளைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாட்டிக்கொள்வோம் என்ற பயம், வேறென்ன?

தெருத் திருப்பத்தில் அவள் கால் தயங்கியது. காய்ச்சலில் கிடந்தபோது இந்தப் பெண்தானே அக்கா, அக்கா என்று ஓடிவந்து கஞ்சி வைத்துக் கொடுத்தாள்? புகார் போனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள். புருஷன் இல்லாத நேரத்தில் அந்தச் சின்னப் பெண் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? யாரோ சொன்ன ஒரு வார்த்தையில்தான் அம்மா போனாள். இப்போது அந்த ஒரு வார்த்தையைத் தானே சொல்வதா?

திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போது அந்த ஆபீஸ் ஜீப் எதிரில் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. அம்மாவின் இருமல் காதில் கேட்டது. விறுவிறுவென்று நடந்தாள்.

குடியிருப்பு அதிகாரியின் மேஜைக்கு முன்னால் நின்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். இரண்டு பேர், அனுமதி இல்லை, ஜீப், வாசலில் காவல், எல்லாம்.

"எங்கம்மாவுக்கு ஒரு சட்டம், அவங்களுக்கு ஒரு சட்டமா சார்?"

அவர் பேனாவை எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். எழுந்து வந்து அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?"

"ஐயோ, அவருக்கு எதுவும் தெரியாது சார். நானாத்தான் வந்தேன்."

"அவருக்குத் தெரியும்மா. வெளியே மூச்சு விடக் கூடாதுன்னு நான்தான் அவர்கிட்டக் கண்டிப்பாச் சொல்லியிருந்தேன்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். அந்த ஜீப் வாசலில் வந்து நின்றிருந்தது. முகாம் டாக்டர் அதில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெரியவங்களை வரவழைச்சது நாங்கதான். மலைப்பாதையில லாரி உருண்டு, நாலு நாளாப் பள்ளத்துல தேடினோம்; காலையிலதான் உடம்பு கிடைச்சுது." அதிகாரி மேஜைமேல் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டார். "பக்கத்து வீட்டு அக்கா கூட இருந்தாத்தான் மருமக தாங்குவான்னு பெரியவர் சொன்னார்... வாங்கம்மா, அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லணும்."