படகுக்கு ஒரு முழு உறை

"தலையிலேர்ந்து கால் வரைக்கும் மூடணும். ஒரு விரல் அளவுகூட வெளியே தெரியக்கூடாது" என்றான் மச்சினன்.

"என்னடா, பொணத்துக்குக் கேக்கற மாதிரி கேக்கறே? படகுக்குடா" என்று சிரித்தார் படகுக்காரர். உறை தைக்கும் கித்தான் கடையின் பெஞ்சில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

ஏரியில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டும் மிதவைப் படகு அவருடையது. இரண்டு நீளமான அலுமினியக் குழாய்களின் மேல் தட்டையாக ஒரு மேடை, சுற்றிலும் கம்பி, நடுவில் சோபா, பின்னால் ஒரு எஞ்சின். துறைக்கும் படகுக்கும் நடுவில் கால் மாட்டி நசுங்கிய நாளிலிருந்து அவர் வீட்டோடு கிடந்தார். மனைவியின் தம்பியான இவன்தான் படகைப் பார்த்துக்கொண்டான்.

"மழைக்காலம் முடியட்டும், நானே ஓட்டுவேன்" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. "இனிமே தண்ணிப் பக்கமே போகக்கூடாது" என்று ஆஸ்பத்திரியில் அழுது அடம்பிடித்த மனைவிகூட, கொஞ்ச நாளாக அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மனசு மாறிவிட்டாள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

"சாதாரணத் தார்ப்பாய் போதாதா? நாலு கயிறு போட்டு இழுத்துக் கட்டினா வேலை முடிஞ்சுது" என்றார்.

கித்தான்காரர் தலையை ஆட்டினார். "தார்ப்பாய் நடுவுல குளம் கட்டிடும்ணே. கெட்டிக் கித்தான்ல தைச்சு, உள்ளே கம்பு நிறுத்தினா கூடாரம் மாதிரி நிக்கும், தண்ணி தானா வழிஞ்சிடும். காத்துப் போக வழியும் வச்சிடறேன், இல்லேன்னா சோபா பூசணம் பூத்துடும். பாதி உறையா, முழு உறையா?"

"கம்பி வரைக்கும் வந்தா போதும்."

"முழுசுதான் மாமா!" மச்சினன் ஒற்றைக் காலில் நின்றான். நிஜமாகவே ஒற்றைக் காலில் நிற்கவேண்டியவர் அவனை வியப்போடு பார்த்தார். படகைத் துடைக்கச் சொன்னாலே இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் பயல் இவன். "என் கூடப் பிறந்தவன்தான், ஆனா அவனை நம்பாதீங்க" என்று கல்யாணமான புதிதிலேயே மனைவி சொல்லியிருக்கிறாள்.

மச்சினனின் போன் அடித்தது. "ம்... முழுசுதான்க்கா... இரு, கேக்கறேன்" என்றவன் கித்தான்காரர் பக்கம் திரும்பினான். "பின்னாடியும் கீழ வரைக்கும் மூடிடுமான்னு அக்கா கேக்கறா."

படகுக்காரருக்கு வாயெல்லாம் பல். "இன்னிக்கு வரைக்கும் அவ அந்தப் படகுல கால் வச்சதில்லய்யா. இப்ப பாருங்க, பின்னாடி நனைஞ்சிடுமோன்னு கவலைப்படறா!"

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ சொன்ன மாதிரியே முழுசாத் தைச்சிடுங்க. எஞ்சினுக்கு மட்டும் தனியா ஒரு பை வச்சு விடுங்க. துணி அதுமேல உரசினா ஒரே காத்துல கிழிஞ்சிடும்."

"அதெல்லாம் அவருக்குத் தெரியாதா மாமா? வாங்க, கிளம்பலாம்" என்று மச்சினன் அவசரமாக ஊன்றுகோலை எடுத்து நீட்டினான்.

கித்தான்காரர் அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "எஞ்சினா? நேத்து நான் போய் அளந்தப்ப, பின்னாடி வெறும் பலகைதானேண்ணே இருந்துச்சு? நேரா இறக்கித் தைச்சிடுங்கன்னு தம்பிதானே சொன்னாரு?"

தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த பெண்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எங்கடா என் எஞ்சின்?"

"மாமா, அது வந்து..."

"எங்கடா?"

"வித்தாச்சு மாமா."

படகுக்காரர் ஊன்றுகோல் இல்லாமலே எழுந்துவிட்டார். கால் வலித்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் படுத்துக் கிடந்த நேரம் பார்த்துக் கழுத்தை அறுத்துட்டியேடா! அதை மறைக்கத்தான் முழு உறையா? கூடப் பிறந்தவன் மாதிரி உன்னை நினைச்சேனேடா, பாவி!" குரல் உடைந்தது. "உங்கக்கா அப்பவே சொன்னா. நான்தான் கேக்கல."

"மாமா, அக்கா என்ன சொன்னான்னா..."

"அக்கா பேரை எடுத்தே, பல்லைத் தட்டிடுவேன்! போடா வெளியே!"

மச்சினன் என்னவோ சொல்ல வாயெடுத்து, அவர் கை ஓங்கியதைப் பார்த்ததும் படியிறங்கி ஓடினான். பேசி முடித்துத் துணி வெட்டும் மேசையில் வைத்த போனைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கித்தான்காரர் கொடுத்த தண்ணீரை அவரால் குடிக்க முடியவில்லை. "எஞ்சின் போனாக்கூடப் பரவாயில்லைங்க. தன் தம்பியே இப்படிப் பண்ணிட்டான்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. பாவம், அவகிட்ட இதை எப்படிச் சொல்றது?"

மேசை மேல் போன் அடித்தது. 'அக்கா' என்று காட்டியது.

படகுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். பக்குவமாகச் சொல்லவேண்டும் என்று வார்த்தை தேடுவதற்குள், மனைவியின் குரல் ரகசியமாகக் கேட்டது.

"டேய், எஞ்சின் விஷயம் மாமாவுக்குத் தெரியாம பார்த்துக்கிட்டியா?"