ஆகஸ்டில் வீடு மாறியவர்கள்

ஆகஸ்ட் மாதத்தில் சலுவா வீடு மாறுகிறாள் என்றதும் கடலோர ஊரான சர்சிஸே சிரித்தது.

“இந்த வெயில்ல சாமான் தூக்கினா ஆளே சுருண்டுடுவான். அக்டோபர் வரைக்கும் பொறுக்கக் கூடாதா?” என்று லாரிக்காரரே கேட்டார்.

சலுவா அசையவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கே லாரியை வரவழைத்தாள். கணவர் பஷீரின் இதய மாத்திரைகள் லாரிச் சூட்டில் கெட்டுவிடும் என்று தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

பஷீர் வாசல் சுவரில் பெயின்டால் புது விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் இத்தாலிக்குப் படகேறிய மகனுக்காக.

“வஜ்தி வந்து பூட்டின வீட்டைப் பார்த்தா தவிச்சுப் போயிடுவான்ல?”

“பெருசா எழுதுங்க” என்றாள் சலுவா.

பக்கத்து வீட்டு முஞ்சியா அவளை உள்ளே இழுத்துப் போனாள்.

“இன்னும் அவர்கிட்ட சொல்லலையா அக்கா?”

“எப்படிடி சொல்வேன்? வஜ்தியை இத்தாலியிலேயே புதைச்சுட்டாங்கன்னு மார்ச்சுல லெட்டர் வந்துச்சு. இவர் நெஞ்சு அதைத் தாங்காது. இங்க யார் கதவைத் தட்டினாலும் புள்ளைதான்னு மூச்சிரைக்க ஓடுறார். போன வாரம் வாசல்லயே விழுந்துட்டார். புது வீட்டுப் பக்கம் நம்மளைத் தெரிஞ்சவங்க இல்ல. யாரும் தட்ட மாட்டாங்க.”

“சலுவா!” லாரியிலிருந்து பஷீர் கூப்பிட்டார். “வஜ்தி கட்டிலை புது வீட்ல மேற்கு அறையில போட்டுடலாமா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“வேணாங்க. சாயங்காலம் அது கொதிக்கும். புள்ளைக்கு நல்ல குளிர்ச்சியான அறையா பார்த்துப் போடலாம்.”