மூன்றாவது டப்பா

ஆஸ்பத்திரியில் மருமகள் பூங்கோதை சளி எடுத்துக் கொடுத்த மூன்றாவது டப்பாவும் திரும்பி வந்தபோது தெய்வநாயகத்தின் முகம் சிவந்தது.

“ஐயா, இதுவும் வெறும் எச்சில்தான். அடிநெஞ்சுச் சளி குடுத்தா, மருந்துக்கு அடங்காத காசநோயான்னு மெஷின் ரெண்டு மணி நேரத்துல சொல்லிடும்” என்றாள் ஆய்வகப் பெண்.

“எங்க வீட்டுப் பொம்பளைங்க நாலு பேர் முன்னால காறமாட்டாங்க!”

“அப்ப வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கௌரவமா சாகவிடுங்க.”

அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தார். பூங்கோதை இருமலை முந்தானைக்குள் அமுக்கினாள். துணியில் ரத்தம் தெரிந்தது. முற்றத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“இங்க என்ன கூத்தா நடக்குது? திரும்புங்கய்யா அந்தப் பக்கம்!”

அவர்களை விரட்டிய தெய்வநாயகம் பிறகு நிமிர்ந்து நின்று, ஆஸ்பத்திரியே அதிரும்படி அடிவயிற்றிலிருந்து காறிக் காட்டினார்.

“முழுங்கினது போதும், தாயி. இப்படிக் காறு!”