திட்டு வாங்கியவன்

பெட்டிக்குள் அடைபட்ட ஒளித்துளி கொதித்துக்கொண்டிருந்தது. கூடப் பிறந்த இரட்டையை, கண்கூசும் வெயிலில், கடலில் கவிழ்ந்த படகைத் தேட அனுப்பிவிட்டு, தன்னை மட்டும், அவன் திரும்பி வந்தால் அடையாளம் காட்டவென்று மீட்புக் குழுவினர் பூட்டி வைத்துவிட்டார்களே!

பெட்டி வாசலில் வெயில் துளிகள் முண்டியடித்தன.

"நான்தான் உன் தம்பி!"

"இவ்வளவு நேரம் எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று உள்ளிருந்த துளி ஒவ்வொன்றின் மேலும் எரிந்து விழுந்தது. எல்லாமே பணிவாக மன்னிப்புக் கேட்டன.

"போங்கடா வெளியே!"

கடைசியில் ஒரு துளி நசுங்கி, மங்கி, தள்ளாடி வந்தது.

"இது வெறும் குப்பை," என்றது பெட்டி.

"எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று உள்ளிருந்த துளி அதன் மேலும் எரிந்து விழுந்தது.

"சொகுசா உட்கார்ந்துக்கிட்டுக் கேள்வி வேறயா? படகுல முட்டி மண்டை உடைஞ்சு வர்றேன். நாலு பேர் அதைப் பிடிச்சுத் தொங்குறாங்க!"

உள்ளிருந்த துளி பெட்டியை ஓங்கி உதைத்தது.

"திட்டுறான் பாரு, இவன்தான் என் தம்பி! படகுக்கு ஆளை அனுப்பு!"