மிச்சம் சொல்லு

"தியேட்டருக்குள்ள ஒரே மூட்டைப்பூச்சி, பீடிப்புகை. உமக்கு ஏலாது, மரியம். நான் பார்த்திட்டு வந்து கதை சொல்லுறன், நீர் வீட்டில இருந்து கேளும்."

"ஒண்டும் விடாமச் சொல்லுவீங்களோ?"

"திரையில முதல் பேர் ஓடுற எழுத்தோட்டத்தில இருந்து சொல்லுறன்."

கலியாணம் முடிந்த மூன்றாம் கிழமை கிறிஸ்தோபர் சொன்னது அது. ஆறு வருஷமாகியும் மரியமலருக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருந்தது. 'என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ' என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டாள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் விழுங்கினாள்.

கிறிஸ்தோபர் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. சனிக்கிழமை துறைமுகத்தில் அரைநாள் வேலை. வந்து குளித்து, வெள்ளைச் சேட்டும் ஓடிக்கொலோன் வாசமுமாக மெட்டினி ஷோவுக்குச் சைக்கிளை எடுப்பார். பொழுதுபடும் நேரம் திரும்பிவந்து சாய்மனைக் கதிரையில் சரிந்துகொண்டு கதையைத் தொடங்குவார். அவள் அவித்து வைத்த பிட்டு ஆறிப்போகும். "படம் பார்த்தாப் பசி கெட்டுப்போகுது, மரியம்" என்பார்.

கதையின் தொடக்கம் மேடைப் பிரசங்கம் போல இருக்கும். போன சனிக்கிழமையும் அப்படித்தான். "செல்வச் சீமான் சிங்காரத்தின் ஏக புத்திரி காஞ்சனா. கட்டிய கணவன் மீது ஐயம் கொண்டாள். விதி அவளை நடுத்தெருவில் நிறுத்தியது..."

"ஐயோ! பிறகு?"

"பிறகென்ன? புருஷன் அழுதான், அவள் மன்னிச்சிட்டாள். எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிட்டினம். சுபம்."

அவர் பார்த்த படமெல்லாம் சாப்பாட்டில்தான் முடிந்தது. அதற்காக அவள் குறைப்பட்டதில்லை.

கோயில் மண்டபத்தில் தையல் வகுப்புத் தொடங்கி ஒரு மாதம். பன்னிரண்டு பெண்களுக்கு மூன்று மெஷின். முறை வரும்வரை காத்திருப்பவர்களுக்கு லிங்கநகர் ஞானமலர் ஒரு விளையாட்டுக் கொண்டுவந்திருந்தாள். தியேட்டர் வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகம் ஒன்று விடாமல் வாங்குகிறவள் அவள். பாட்டுக்கு முன்னால் அச்சடித்திருக்கும் கதைச் சுருக்கத்தை உரத்து வாசிப்பாள். 'மிகுதியை வெள்ளித்திரையில் காண்க' என்ற இடம் வந்ததும் புத்தகத்தைப் பட்டென்று மூடி, "மிச்சம் சொல்லு!" என்பாள். முடிவைச் சரியாகச் சொன்னவளுக்குப் புத்தகம்.

மரியமலர் முதல்நாளே "நானும் அவரும் ஒரு படம் விடமாட்டம்" என்று பெருமையடித்திருந்தாள். ஆனால், இன்னும் ஒரு புத்தகம்கூட வெல்லவில்லை. இந்தத் திங்கட்கிழமை எப்படியும் ஒன்றோடுதான் வீட்டுக்குப் போவது என்று வந்திருந்தாள்.

ஞானமலர் வாசித்தாள். "செல்வச் சீமான் சிங்காரத்தின் ஏக புத்திரி காஞ்சனா. கட்டிய கணவன் மீது ஐயம் கொண்டாள். விதி அவளை நடுத்தெருவில் நிறுத்தியது. மிகுதியை வெள்ளித்திரையில் காண்க!" பட்டென்று மூடினாள். "மிச்சம் சொல்லு!"

மரியமலர் முந்திக்கொண்டாள். "புருஷன் அழுதான், அவள் மன்னிச்சிட்டாள். எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிட்டினம்!"

மண்டபமே சிரித்தது. மெஷின் மிதித்துக்கொண்டிருந்த ரபீக்கா காலை நிறுத்திவிட்டாள். "என்ன புள்ள இது? போன கிழமைப் படத்திலயும் சாப்பாடு, அதுக்கு முந்தின படத்திலயும் சாப்பாடு. நீங்க படத்துக்குப் போறீங்களா, பந்திக்குப் போறீங்களா?"

"அவள் தாலியைக் கழட்டி அவன்ர கையில குடுத்திட்டு ரயில் ஏறிப் போறாளடி" என்றாள் ஞானமலர். "தியேட்டரே அழுதது. நீயும் மனுசனும் என்ன, நித்திரையோ?"

"நித்திரைதான்" என்று மரியமலரும் சேர்ந்து சிரித்தாள். பிறகு, "அந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாங்கோ அக்கா" என்று வாங்கினாள். வாசித்தாள். ஞானமலரின் பைக்குள் இருந்த பழைய புத்தகங்கள் நாலையும் வாங்கி வாசித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை. கிறிஸ்தோபர் கண்ணாடிக்கு முன்னால் நின்று சேட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மரியமலர் சீப்பை நீட்டினாள். அவள் கலியாண வீடுகளுக்கு உடுக்கும் நீலச்சேலையில் நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"இண்டைக்குப் புதுப்படம், மரியம். வந்து சொல்லுறன்."

"இஞ்சாருங்கோ, ஒண்டு கேக்கட்டோ? ஆறு வருஷமாக் கேக்க நினைச்சது."

"கேளுமன்."

"இண்டைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

அவர் சிரித்தார். "மூட்டைப்பூச்சி கடிக்கும் எண்டு அண்டைக்கே சொன்னனான்தானே?"

"உங்களை ஒருநாளும் கடிக்கேல்லையே."

பொத்தானில் இருந்த விரல் நின்றது. அப்போதுதான் அவர் திரும்பிச் சேலையைப் பார்த்தார். குரல் இளகிற்று. "சரி, சரி. அதுக்கேன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறீர்? வாரும், ரெண்டு பேருமாப் படத்துக்குப் போவம்."

ஆறு வருஷம் அவள் காத்திருந்த சொல் அது.

"படத்துக்கு இல்லை" என்றாள் மரியமலர். "வாசலில பாட்டுப் புத்தகம் வாங்கினாப் பிறகு நீங்கள் போய்ச் சாப்பிடுற வீட்டுக்கு."