தம்பி இடத்தில் வந்தவன்

வரப்போரத்துக் கோரை ஒன்றின் இலைக்குள்ளே நொதியக்கா என்று ஒருத்தி இருந்தாள். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தாற்போல உடம்பு அவளுக்கு. முதலில் அண்ணன் சத்து வந்து நடுவில் உட்காருவான்; கை பாதி மூடும். அப்புறம் தம்பிச் சத்து வந்து பக்கத்தில் உட்காருவான். இரண்டு பேரையும் ஒட்டி அனுப்பினால்தான் அமினோ அமிலம் உண்டாகும். அது இல்லாவிட்டால் கோரைக்கு உயிர் இல்லை.

ஒருநாள் வரப்பில் களைக்கொல்லி அடித்தார்கள். அண்ணன் பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான்.

அண்ணன் பதறிப்போனான். "அக்கா, இவன் என் தம்பி இல்லக்கா. மருந்தோட உள்ள நுழைஞ்சவன்!"

"சும்மா கிடடா. இடத்துக்கு அச்சாப் பொருந்துறான். எனக்கா ஆள் தெரியாது?"

அவள் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். ஒட்டவில்லை. வந்தவன் எழுந்திருக்கவும் இல்லை. கோரையின் குருத்து வெளுத்துக்கொண்டே வந்தது.

அப்போது வெளியே ஒரு குரல் கேட்டது. "அக்கா, தம்பி வந்திருக்கேன். இடம் விடுங்க!"

நொதியக்காவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"தம்பி வந்து உட்கார்ந்து எவ்வளவு நேரமாச்சு! நீ எவன்டா, அவன் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றது?"